தனியே இருக்கப் பழக்குதல்

கனகமணி டீச்சர் தன் வீட்டுக் கதவை வெளியே பூட்டி, சாவி சிணுங்காமல் உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு, செருப்பு அதிர அதிர இரண்டாம் மாடியிலிருந்து முதல் மாடி வரைக்கும் இறங்கினாள். அங்கே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, திருட வந்தவள் மாதிரி வெறுங்காலோடு திரும்ப ஏறி, தன் வீட்டு வாசலுக்கு ஆறு படி கீழே, சிமெண்டு ஜாலி ஓரமாக வந்து நின்றாள். மணி நாலு பத்து. நாலரை வரைக்கும் நிற்க வேண்டும். முதல் நாள் ஒரு நிமிஷம், மறுநாள் இரண்டு, அப்புறம் ஐந்து, நேற்று பத்து. நேற்றைய பத்து நிமிஷத்துக்குள் உயிர் போய் உயிர் வந்தது, நாய்க்குட்டிக்கு அல்ல, இவளுக்கு. இன்றைக்கு இருபது. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறார்கள். காலை ஒன்பதே காலுக்கு வீட்டை விட்டால் மதியம் சாப்பாட்டு மணி அடித்து இவள் ஓடி வந்து சேர பன்னிரண்டு நாற்பது. இருநூற்றைந்து நிமிஷம். இருபதைப் பத்தால் பெருக்கி ஐந்தைக் கூட்டினால் வருகிற கணக்கு, எட்டாம் வகுப்புப் பிள்ளை வாயாலேயே சொல்லிவிடும். ஆனால் இருபது நிமிஷத்தை யார் பத்து தடவை நிற்கிறது? அதிலும் ஒன்றை, ஒரே ஒன்றை, முதலில் நின்று முடிக்க வேண்டுமே. பாளையங்கோட்டையில் ஜூன் மாசக் காற்று ஜாலி வழியாக வந்து சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தது. சேலை படபடக்கிற சத்தம் உள்ளே கேட்குமோ என்று தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

முதலில் மோப்பம்தான் வரும். கதவின் அடி இடுக்கில் மூக்கை வைத்து உஸ் உஸ் என்று இழுக்கிற சத்தம், யாரோ சூடான காப்பியை அவசரமாக உறிஞ்சுகிற மாதிரி. பிறகு நகத்தால் கதவில் ஒரு பிறாண்டல். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. அந்த ஒன்றுமில்லாததில்தான் அது யோசிக்கிறது என்று இவளுக்குத் தோன்றும். ஒரு நாய்க்குட்டி, மூன்று மாசம் கூட நிரம்பாதது, என்னத்தை யோசிக்கும்? செருப்புச் சத்தம் கீழே போனது, ஆனால் வாசனை போகவில்லையே என்று யோசிக்குமோ? மனுஷி இறங்கிப் போனாள், அவளுடைய வாசனை மட்டும் ஏன் ஆறாவது படியில் நிற்கிறது? அப்படி என்றால் இந்த நடிப்பே வீண். டாக்டரம்மாவிடம் இதைக் கேட்கவில்லை. கால்நடை ஆஸ்பத்திரியில் இருந்த அந்தச் சின்ன வயசு டாக்டரம்மா ஊசி போட்டுவிட்டுச் சொன்னதெல்லாம் நோட்டில் எழுதியிருக்கிறாள், ஒன்று இரண்டு என்று நம்பர் போட்டு. போகும்போது போயிட்டு வாரேன்னு கொஞ்சாதீங்க. வரும்போது ஓடிப் போய்த் தூக்காதீங்க. முக்கியமா, அழும்போது கதவைத் திறக்காதீங்க மேடம். அழுகை நின்ன பெறகு திறங்க. அழும்போது திறந்தா, அழுதா கதவு திறக்கும்னு அது பாடம் படிச்சிரும், அதுக்கப்புறம் ஜென்மத்துக்கும் அழும். கனகமணி அந்தக் கடைசி வரியை நோட்டில் எழுதும்போது பேனா கொஞ்சம் நின்றது. எழுதினாள். கீழே கோடும் போட்டாள்.

இதோ ஆரம்பித்துவிட்டது. முதலில் ஒரு முனகல், உதட்டை மூடிக்கொண்டு அழுகிற பிள்ளை மாதிரி. பிறகு வாய் திறந்து ஒரு கீச்சல், அது மேலே போய் உடைந்து, ஊளையாக நீண்டு, மாடிப்படி முழுக்க இறங்கியது. கீழே ஸ்டீபன் சார் வீட்டுக்குக் கேட்டிருக்கும். கேட்காமல் இருக்குமா? அவர்தான் இந்தக் குடியிருப்புக்குச் செயலாளர். போன புதன்கிழமை தண்ணீர் மோட்டார் பக்கத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டார். "டீச்சர், நாய் வளக்கறதுக்கு நான் விரோதி இல்லை. ஆனா நீங்க இல்லாத நேரம் அது ஊளையிட்டா நாலு பேர் கேக்கத்தான் செய்வாங்க. ஞாயித்துக்கிழமை மீட்டிங்ல பேச்சு வரும். அதுக்குள்ள பழக்கிருங்க." தன்மையாகத்தான் சொன்னார். தன்மையாகச் சொல்கிறவர்களிடம் சண்டை போடவும் முடியாது. பழக்க முடியாவிட்டால் குட்டி சீனியைப் பழையபடி பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் கொண்டு விடலாம். அங்கேதான் அது பிறந்தது. விடுமுறை விட்ட மறுநாள் விடைத்தாள் கட்டைக் கொண்டு வைக்கப் போனபோது வாட்ச்மேன் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். தாய் ரோட்டில் வேனில் அடிபட்டுச் செத்துவிட்டது, நாலு குட்டியில் இது ஒன்றுதான் கண்ணைத் திறந்து கிடக்கிறது டீச்சர், என்றார். நாட்டுச் சீனி நிறம். காதில் மட்டும் கரிப்பூச்சு. இவள் வேண்டாம் என்றுதான் சொன்னாள், சொல்லிக்கொண்டே கைப்பையில் இருந்த டவலை விரித்தாள்.

ஐந்து வாரமாகப் பாடம் நடக்கிறது. பேப்பரில் மூத்திரம் போகப் பழகியது ஆறாம் நாள். "உக்காரு" என்றால் உட்காரும், கையில் அவித்த முட்டை இருந்தால். கையில் முட்டை இல்லாவிட்டால் இவள் முகத்தைப் பார்க்கும், நீ சொல்வது நிஜமா என்கிற மாதிரி. விரலைக் கடிக்க வந்தால் பழைய சேலைத் துணியில் போட்ட முடிச்சை வாயில் கொடுக்க வேண்டும். அது டாக்டரம்மாவிடம் போன பிறகு தெரிந்தது. அதற்கு முன்னால் ஒரு நாள், கணுக்காலில் பல் பதிந்துவிட்ட எரிச்சலில், மேஜை மேல் கிடந்த மர அடிக்கோலை எடுத்து மூக்கில் ஒன்று போட்டாள். இருபத்தெட்டு வருஷம் கணக்கு டீச்சராக இருந்த கை, யோசிக்காமல் போய்விட்டது. குட்டி கத்தவில்லை. நின்ற இடத்திலேயே மூத்திரம் போய், அந்த ஈரத்திலேயே வயிற்றைத் தரையோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. அரை மணி கழித்து அதே குட்டி வந்து அதே கையை நக்கியது. அது மன்னிப்பா, மறதியா? மறதி என்றால் பரவாயில்லை. மன்னிப்பு என்றால் தாங்க முடியாது. அடிக்கோலைப் பழைய பேப்பர் கட்டோடு போட்டுவிட்டாள். மணி நாலு பதினாலு. நாலு நிமிஷம்தானா போயிருக்கிறது? கடிகாரம் ஓடுகிறதா என்று காதில் வைத்துப் பார்த்தாள். அது சத்தம் போடாத கடிகாரம் என்பது காதில் வைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

ஊளை நின்று இப்போது தட்டல். தட்டல் இல்லை, குட்டி முன்னங்கால் இரண்டையும் தூக்கிக் கதவில் விழுகிறது. தொம். தொம். நாய் எங்கேயாவது கதவைத் தட்டுமா? இவளுக்குத்தான் எல்லாம் தட்டலாகக் கேட்கிறது. அம்மா எவர்சில்வர் டம்ளரின் அடியால் தட்டுவாள். டங். டங். டங். மூன்று தட்டு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி மூன்று. இதே கதவு, இதே பூட்டு. அது ஆயிற்று ஐந்து வருஷம். அம்மாவுக்கு நினைவு தப்ப ஆரம்பித்து, ஒரு நாள் உள்பாவாடையோடு மார்க்கெட் பஸ் நிறுத்தத்தில் போய் நின்று, நாசரேத் பஸ் எப்ப வரும் என்று எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருந்தாள். யாரோ ஒரு பூக்காரி தன் துண்டைப் போர்த்திவிட்டிருந்தாள். அதன் பிறகு அம்மாவைப் பார்த்துக்கொள்ள கனகமணி இரண்டு பேரை வைத்தாள். ஒருத்தி எட்டு நாளில் நின்றாள், அடுத்தவள் பதினொன்றாம் நாள் மதியமே செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். வேறு வழியில்லாமல்தான் பூட்டினாள். வேறு வழி இல்லையா? இந்தக் கேள்வி வந்தால் கனகமணி உடனே வேறு எதையாவது எண்ண ஆரம்பிப்பாள். படிகள் மாடிக்குப் பதினெட்டு. ஜாலியில் ஓட்டைகள் வரிசைக்கு ஆறு, ஏழு வரிசை, நாற்பத்திரண்டு. நீண்ட விடுப்பு போட்டிருக்கலாம். போடவில்லை. அந்த வருஷம் பத்தாம் வகுப்பு இவள் கையில் இருந்தது. அது மட்டும்தான் காரணமா? காலையில் கதவைப் பூட்டிவிட்டுத் தெருவில் இறங்கும்போது நெஞ்சில் ஒரு காற்று வருமே, அப்பாடா என்று, அதுவும்தானே? அதை யாரிடமும் சொன்னதில்லை. கோயிலில் முழங்கால் போட்டபோதுகூடச் சொன்னதில்லை.

முதல் மூன்று மாசம் அம்மா தட்டினாள். மதியம் வரும்போது தெருமுனையிலேயே டம்ளர் சத்தம் கேட்கிற மாதிரி இருக்கும், கேட்காதபோதும். பிறகு ஒரு நாள் சத்தம் இல்லை. மறுநாளும் இல்லை. கதவைத் திறக்கப் போனால் கனமாக இருந்தது. அம்மா உள்ளே கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள், முகத்தில் கலக்கம் ஒன்றும் இல்லை, காலை நீட்டி, ரயிலில் இடம் கிடைத்தவள் மாதிரி. அதன் பிறகு தினமும் அப்படித்தான். மெதுவாக, அங்குலம் அங்குலமாகத் தள்ளித் திறக்க வேண்டியிருக்கும். ஆசிரியர் அறையில் யாரோ விசாரித்தபோது கனகமணி சொன்னாள்: இப்ப நல்லா பழகிட்டா. அந்த வார்த்தை அன்றைக்கு எவ்வளவு சுகமாக இருந்தது. பழகிட்டா. சீனி பேப்பரில் பழகியது மாதிரி. கூட்டில் அடைத்த கிளி பழகுவது மாதிரி. அழுதால் கதவு திறக்காது என்று அம்மா எழுபத்தாறு வயசில் ஒரு பாடம் படித்து முடித்துவிட்டாள், அதைக் கற்றுக்கொடுத்தது இவள். யாரும் நம்பர் போட்டு எழுதித் தரவில்லை, இவளாகவே நடத்திய பாடம். அழுகை எப்போது நிற்கும்? பழகினால் நிற்கும். இல்லையென்றால், இனி யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்தால் நிற்கும். கதவுக்கு வெளியே நிற்கிறவளுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்கும். டாக்டரம்மாவிடம் கேட்க வேண்டியது இதைத்தான், வாசனை அல்ல. இது பழக்கமா, அதுவா என்று எப்படிக் கண்டுபிடிப்பது, டாக்டரம்மா?

நாலு இருபத்திரண்டுக்குச் சத்தம் நின்றது. சட்டென்று, கத்தரித்த மாதிரி. நல்லதுதானே? இப்போது இரண்டு நிமிஷம் சும்மா இருந்தால் போதும், திறந்துவிடலாம்; இல்லை, இருபது என்றால் இருபது. ஆனால் ஏன் நின்றது? மின்விசிறி ஒயரை மேலே தூக்கிக் கட்டினோமா? கட்டினோம். குளியலறைக் கதவு? சாத்தினோம், தாழ்ப்பாள் போட்டோமா? பினாயில் பாட்டில் எங்கே, மேலேயா கீழேயா? காலையில் தரை துடைத்தபோது கீழே வைத்தது. பிறகு எடுத்தோமா? எடுத்த ஞாபகம் இருக்கிறது, அது நேற்று எடுத்த ஞாபகமா இன்று எடுத்ததா? தினமும் செய்கிற காரியத்தில் எந்த நாளுக்கு எந்த ஞாபகம் என்று எப்படிச் சொல்வது? சேலை முடிச்சை விழுங்கித் தொண்டையில் அடைத்திருந்தால்? நாக்கு வெளியே தள்ளி, கரிப்பூச்சுக் காது தரையில் மடங்கி, அந்தக் கால், இவள் பக்கத்தில் போனால் எப்போதும் மாவு பிசைகிற மாதிரி ஆடுகிற அந்தக் கால்... கனகமணி இரண்டு படி ஏறிவிட்டாள். மூன்றாவது படியில் நின்றாள். இப்போது திறந்தால் பன்னிரண்டு நிமிஷம். பன்னிரண்டை வைத்துக்கொண்டு திங்கட்கிழமை என்ன செய்ய? அழுகை நின்றால் திறங்க என்றுதானே சொன்னார்கள், நின்றுவிட்டதே. சாவியை எடுத்தாள். வியர்வையில் அது உள்ளங்கையோடு ஒட்டியிருந்தது.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. ஜொகரா, அறுபது வயசிருக்கும், முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, ஒரு கையில் சொளவு நிறையச் சின்ன வெங்காயமும் இன்னொரு கையில் பிளாஸ்டிக் முக்காலியுமாக வெளியே வந்தாள். வெங்காயம் உரிக்க அவள் எப்போதும் வாசலுக்கு வருவாள், காற்றுக்கு. ஒன்பது வருஷமாக எதிரெதிர் வீடு. ரம்சானுக்கு அங்கிருந்து கஞ்சி வரும், கிறிஸ்மஸுக்கு இங்கிருந்து முறுக்கு போகும். மற்றபடி படியில் பார்த்தால் சிரிப்பதுதான்.

"என்ன டீச்சர், செருப்பக் கையில வச்சிட்டு நிக்கிய?"

கனகமணி வாயில் விரலை வைத்தாள். கிசுகிசுவென்று சொன்னாள், தனியாக இருக்கப் பழக்குகிறேன் அக்கா, இருபது நிமிஷம், இப்ப சத்தத்தைக் காணோம், பயமா இருக்கு, திறக்கவும் முடியலை. சொல்லிக்கொண்டு வரும்போது குரல் பிசிறியது. ஒரு நாய்க்காக இப்படிக் குரல் பிசிறுவது வெட்கமாக இருந்தது.

ஜொகரா முக்காலியைக் கனகமணி வீட்டுக் கதவுக்குப் பக்கத்தில், சுவரை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தாள். அந்த இடத்தில் முக்காலியை எத்தனையோ தடவை போட்டவள் மாதிரி, பார்க்காமலே போட்டாள். கதவில் காதை வைத்தாள். "மூச்சு விடுதே. இந்தா, கதவுக்குப் பக்கத்துலதான் கெடக்கு. ஒண்ணும் ஆகலை. அம்மாவும் இப்படித்தான், சாஞ்சிக்கிடுவா."

"எந்த அம்மா?"

ஜொகராவின் கை வெங்காயத்தில் நின்றது. சொல்லியிருக்கக் கூடாததைச் சொல்லிவிட்ட முகம். உதிர்ந்த தோலைச் சொளவில் ஓரமாக ஒதுக்கினாள், மறுபடி ஒதுக்கினாள். "உங்க அம்மாதான். பாக்கியம்மா."

"அம்மா சாஞ்சி உக்காருறது உங்களுக்கு எப்படித் தெரியும் அக்கா? நான் பூட்டிட்டுல்லா போவேன்."

"பூட்டிட்டுத்தான் போவிய." ஜொகரா நிமிர்ந்து பார்க்கவில்லை. "அப்பம் டம்ளரால தட்டுவா பாத்தியளா, எனக்கு உள்ள இருப்புக் கொள்ளலை. ஒரு நாள் வந்து, என்னம்மா வேணும்னு கேட்டேன். கனகு, நிக்கியாட்டின்னு கேட்டா. கனகு இல்லம்மா, ஜொகரான்னேன். தட்டுனா. மறுபடி கேட்டா, மறுபடி ஜொகரான்னேன், மறுபடி தட்டுனா. அந்தப் பேரு அவளுக்கு ஒட்டலை. பெறகு, ஆமாம்மா, நிக்கேன்னு சொல்லிட்டேன். அதோட தட்டறதை விட்டுட்டா. முக்காலியப் போட்டு இங்கன உக்காந்துக்கிடுவேன். வெங்காயம் உரிப்பேன், பூண்டு உரிப்பேன், அரிசி பொறுக்குவேன். அவ உள்ள சாஞ்சிக்கிடுவா. என்னத்தையாவது பேசிட்டே இருப்போம். நீங்க வாரதுக்குச் செத்த முன்னால நான் உள்ள போயிருவேன்."

"எத்தனை நாள்?"

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போற வரைக்கும்."

பதினோரு மாசம். கனகமணிக்கு முதலில் வந்தது கோபம். என் பேரை எடுத்துக்கொண்டு, என் வாசலில், என் அம்மாவிடம்! நான் போர்டில் வட்டத்தின் பரப்பளவு போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் இங்கே நான் உட்கார்ந்து வெங்காயம் உரித்திருக்கிறேன். அதைவிட, நாலு வருஷம், அம்மாவை அடக்கம் பண்ணி நாலு வருஷம், ஒவ்வொரு ராத்திரியும் அந்தச் சத்தமில்லாத கதவை நினைத்து நினைத்து நான் இற்றுப்போனேனே, எதிரே இருந்துகொண்டு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? "ஏன் சொல்லலை?" என்றாள். கிசுகிசுக்க மறந்துபோய்ச் சத்தமாகவே வந்தது.

"சொல்ல வந்தேன் டீச்சர். நீங்க பூட்டிட்டுப் போறதுல நான் தலையிடுதேன்னு நெனச்சிருவியளோன்னு ஒரு பயம். அதுலயும் ஒரு நாள் வாய் வரைக்கும் வந்திட்டு. நீங்க படியேறி வந்து, அம்மா இப்ப நல்லா பழகிட்டா அக்கான்னு சொன்னிய. மொகம் அம்புட்டுச் சந்தோசமா இருந்திச்சி. அதைக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன். பெறகு அவளும் போயிட்டா. போன பெறகு எப்படிச் சொல்ல?"

கனகமணி படியில் உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் கடைசி மூன்று நாள் இவள் கட்டிலோடு கட்டிலாகத்தான் இருந்தாள். கையைப் பிடித்துக்கொண்டு, நகம் வெட்டிவிட்டு, கஞ்சித் தண்ணீரை ஸ்பூனால் ஊட்டிக்கொண்டு. அப்போது அம்மா கண்ணைத் திறந்து, இவள் முகத்தை நேராகப் பார்த்து, சொன்னாள்: ஏட்டி கனகு, எம்புட்டு நேரம்தான் வெளியவே நிப்ப, கால் வலிக்காதா, உள்ள வா. காய்ச்சல் வேகத்தில் உளறுகிறாள் என்று நர்ஸ் சொன்னாள். இவளும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். உள்ளதான் இருக்கேம்மா என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. அம்மா நம்பவில்லை. பாவம் பிள்ளை, வெயில்ல நிக்கா, என்று பக்கத்துக் கட்டில்காரியிடம் சொன்னாள். அம்மாவைப் பொறுத்தவரை இவள் பள்ளிக்கூடம் போகவே இல்லை. பதினோரு மாசமும் கதவுக்கு வெளியே நின்றிருக்கிறாள். உள்ளே வர முடியாத ஏதோ ஒரு காரணத்தால் நின்றுகொண்டே இருந்திருக்கிறாள், பூட்டியது இவள் என்பது அம்மாவுக்குத் தெரியவே இல்லை. இதற்குச் சந்தோஷப்பட வேண்டுமா? சந்தோஷம் மாதிரி ஒன்று நெஞ்சில் புறப்பட்டு வரத்தான் செய்தது, வருகிற வழியில் கல் மாதிரி எதிலோ இடித்துக்கொண்டு நின்றது. அந்தப் பெயரில் நடந்த நல்லது இவள் செய்தது அல்ல. இன்னொருத்தி செய்து, இவள் பெயரில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

கதவுக்குள்ளிருந்து ஒரு சின்னக் குரைப்பு. பயந்த குரைப்பு இல்லை, என்ன பேச்சை நிறுத்திவிட்டீர்கள் என்கிற மாதிரி. ஜொகரா சிரித்துவிட்டாள். கனகமணிக்கு அப்போதுதான் உறைத்தது. "ஐயோ, நாம பேசறதைக் கேட்டுட்டுல்லா இருக்கு! நான் இங்கன நிக்கேன்னு அதுக்குத் தெரியும். இது தனியா இருந்த கணக்கே இல்லை. மொத்தமும் போச்சு." மணி நாலு முப்பத்தொன்று. இருபது முடிந்து ஒரு நிமிஷம் கூடுதல், ஒன்றும் செல்லாது. ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள். ஸ்டீபன் சாரின் தன்மையான முகம் வந்தது. வாட்ச்மேனின் இரண்டு கை வந்தது.

சொல்ல வந்ததைச் சொல்ல கனகமணிக்கு ரொம்ப நேரம் பிடித்தது. வீட்டு வேலைக்கு ஆள் கேட்டிருக்கிறாள், காசு கொடுத்து. காசு கொடுக்காமல் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. இருபத்தெட்டு வருஷத்தில் விடைத்தாள் கட்டைக்கூட யார் கையிலும் கொடுத்துத் தூக்கி வரச் சொன்னதில்லை. செருப்பைத் தரையில் போட்டாள். ஒரு காலை மாட்டினாள். இன்னொரு காலுக்கு வார் சிக்கவில்லை. குனிந்துகொண்டே, செருப்பைப் பார்த்தே சொன்னாள்: "அக்கா, திங்கக்கிழமை ஒரு பத்து மணி போல... செத்த நேரம் இங்கன வந்து உக்காருவியளா? சும்மா பேசினாப் போதும்."

"தொட மாட்டேன் டீச்சர். எச்சி பட்டா ஏழு தண்ணி ஊத்திக் கழுவணும் எங்களுக்கு."

"தொட வேண்டாம். கதவு பூட்டித்தானே இருக்கும்."

"அப்பம் வாரேன்." ஜொகரா அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். "திங்கக்கிழமை வரைக்கும் எதுக்கு? இப்பமே போங்க. நெசமாவே போங்க, தெருமுனை வரைக்கும். இங்கன நின்னா அது மோப்பம் பிடிக்கும். நான் இருக்கேன்."

கனகமணி இறங்கினாள். இந்தத் தடவை செருப்பை அதிர வைக்கவில்லை, அது பாட்டுக்கு நடந்தது. கேட்டைத் தாண்டி, கரண்டு கம்பம் தாண்டி, தேய்ப்பு வண்டி தாண்டி, தெருமுனையில் பெட்டிக்கடை வரைக்கும் போனாள். அங்கே ஒன்றும் வாங்குவதற்கு இல்லை. கடைக்காரர் பார்த்தார், பார்த்தாரே என்று தீப்பெட்டி ஒன்று வாங்கினாள். திரும்பி அண்ணாந்தாள். இரண்டாம் மாடி தெரிந்தது, தன் வீட்டு ஜன்னல், காற்றில் உள்ளே போய் வெளியே வருகிற திரை. சத்தம் ஒன்றும் வரவில்லை. அழுதாலும் இவ்வளவு தூரம் வராது. பினாயில், ஒயர், தாழ்ப்பாள் என்று மறுபடி வரிசையாக வந்தன. அவை வந்து போகட்டும் என்று நின்றாள். லாரி ஒன்று போனது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் இந்த முனையில் ஒரு நாளாவது நின்று திரும்பிப் பார்த்தோமா என்று யோசித்தாள். பார்த்ததில்லை. பார்த்திருந்தால் ஒரு முக்காலி தெரிந்திருக்குமா? இங்கேயிருந்து தெரியாது. படி ஏறி வந்தால்தான் தெரியும். கால் மணி நேரம் நின்றாள். பிறகு போதும் என்று தோன்றவில்லை, கால்தான் தானாக நடந்தது.

முதல் மாடி தாண்டும்போதே ஜொகராவின் குரல் கேட்டது. படியில் பார்த்தால் பேசுகிற குரல் இல்லை அது. தணிந்து, ஓட்டமாக, இடையில் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. "...சின்னவனுக்குக் கீழ ரெண்டு பல்லு. நேத்து போன்ல காட்டுனா. அரிசி மாதிரி இருக்கு. பெரியவனுக்கு இவ்வளவு சீக்கிரம் மொளைக்கலை. தென்காசியில மழையாம், துணியே காயலையாம். அவுகளுக்கு நான் போன் பேசறதே ஆகாது. அந்தப் பய கூடப் போனவ எனக்கு மவளே இல்லைன்னுட்டாக. நான் பேசுதேன்னு தெரிஞ்ச அன்னைலேர்ந்து என்கிட்டயும் பேச்சு கெடையாது. நாலு வருசம் ஆச்சு. சோறுன்னு சொவரைப் பாத்துச் சொல்லுவாக, நான் சொவருக்குப் பதிலா எடுத்து வைப்பேன். நீ புதுசு, உனக்குத் தெரியாது. பாக்கியம்மாளுக்கு எல்லாம் தெரியும். அவதான் சொன்னா, பிள்ளைய விட்டுராதட்டி கனகு, கூப்பிட்டுப் பேசுன்னு. உனக்கு ஏதுட்டி பிள்ளைன்னுகூடக் கேக்கலை அவ. அன்னைக்குச் சாயந்தரம்தான் நான் மொத மொதல்ல போன் போட்டேன்..."

ஜொகராவுக்குச் சென்னையில் ஒரு மகன் உண்டு என்று கனகமணிக்குத் தெரியும். மகள் ஒருத்தி இருப்பது தெரியாது. ஒன்பது வருஷம், எட்டடி தூரம், நடுவில் ஒரு மாடிப்படி. உள்ளே சீனி ஏதோ முனகியது. "இரி இரி," என்றாள் ஜொகரா, "நான் இன்னும் முடிக்கலை."

கனகமணி அடுத்த படிக்குத் தூக்கிய காலை மெல்லக் கீழே இறக்கினாள். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஜொகரா முடிக்கும் வரைக்கும், படி வளைவிலேயே உட்கார்ந்திருந்தாள்.